இந்தப் பயத்துக்கு என்ன வயசு? சூரசம்ஹாரம் எனக்குச் சொன்ன பாடம்

 

மேனேஜர் "ஒரு நிமிஷம் பேசலாமா?"னு மெசேஜ் போட்டா உங்களுக்கு வயிறு கலங்குமா? எனக்குக் கலங்கும். ஆறு வருஷமா சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன், நல்ல பேரும் இருக்கு. ஆனாலும் அந்த ஒரு வரியைப் பார்த்தா கை சில்லுனு ஆயிடும்.

சின்ன வயசுல, அப்பா பைக்கை ஸ்டாண்ட் போடுற சத்தத்தை வச்சே இன்னைக்கு அடி விழுமா விழாதான்னு எனக்குத் தெரியும். டம்ளர் உடைஞ்சா ஒளிச்சு வைக்கணும். உண்மையைச் சொன்னா அடி கூடும். இதுதான் நான் வீட்டுல படிச்ச பாடம்.

அது வேலைக்கும் கூடவே வந்துச்சு. இரண்டாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மாத்தின ஒரு கான்ஃபிக் வரியால புரொடக்ஷன்ல பேமென்ட் நின்னுபோச்சு. தப்பு என்னுதுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சது. ஆனா சொல்லலை. டீமே தேடுது, நானும் தேடுற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வாயைத் திறந்தேன். லீட் கத்தலை. எல்லாம் சரியான பிறகு, "முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். அவ்வளவுதான். நான் இன்னும் டம்ளரை ஒளிச்சு வைக்கிற பையனாவே இருக்கேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

இப்படி இருக்கிறது நாம மட்டும் இல்லை. 1990-களில் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் தலைமையில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்கள் பற்றிக் கேட்டார்கள். அடி, வசவு, குடிப்பவர் இருந்த வீடு என ஏதாவது ஒன்றையாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் அனுபவித்திருந்தார்கள். பயந்து வளர்ந்தவங்களோட மூளை சின்ன சத்தத்துக்கும் அபாய மணி அடிக்கும். அது கோழைத்தனம் இல்லை. ஒரு காலத்துல நம்மைக் காப்பாத்தின காவல் அது.

சரி, இதுல முருகன் எங்க வர்றார்?

கந்த சஷ்டி ஆறாம் நாள் திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்திருப்பீங்க. கடைசியில் சூரன் மாமரமா நிக்கிறான். வேல் அதை ரெண்டாப் பிளக்குது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். முருகன் அவனை அழிக்காம வாகனமாவும் கொடியாவும் வச்சுக்கிட்டார்.

என் பயத்தையும் அழிக்க முடியலை. ஆனா அன்னைக்கு நடந்தது வேற, இன்னைக்கு நடக்கிறது வேறன்னு பிளக்க முடியும். வேல்னா ஞானம், அதுக்கு அகலம், ஆழம், கூர்மை மூணும் உண்டுன்னு பெரியவங்க சொல்வாங்க. நான் அதையே மூணு படியா வச்சிருக்கேன்.

அகலம்: பதில் போடும் முன் சுத்திப் பார்க்கிறேன். இது ஆபீஸ், எனக்கு 28 வயசு, யாரும் அடிக்கப் போறதில்லை. ச-ர-வ-ண-ப-வ, எழுத்துக்கு ஒரு மூச்சா மெதுவா ஆறு மூச்சு.

ஆழம்: இந்தப் பயத்துக்கு என்ன வயசுன்னு கேட்கிறேன். பெரும்பாலும் எட்டு, ஒன்பதுன்னு பதில் வரும்.

கூர்மை: ஊகிக்காம ஒரே கேள்வி. "எதைப் பத்திப் பேசணும்?" பல நேரம் லீவு பிளான் பத்தியா இருக்கும். தப்பு என்னுதுன்னா உடனே குரூப்ல மூணு வரி: என்ன ஆச்சு, யாருக்குப் பாதிப்பு, நான் இப்ப என்ன பண்றேன்.

இப்போ அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமா மயிலாகுது. ரிலீஸுக்கு முன்னாடி எது உடையும்னு எனக்கு முதல்ல தோணும். ஜூனியர் பசங்க தப்பு பண்ணா பயப்படாம என்கிட்ட வந்து சொல்றாங்க. அதுதான் எனக்கு ப்ரமோஷனை விடப் பெருசு.

ஆனா, "அடி வாங்கினதாலதான் உருப்பட்டே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மயிலாக்கினது வேல்தான், சூரன் இல்லை. அதே மாதிரி, மேனேஜர் நிஜமாவே கத்தி அவமானப்படுத்தினா அது உங்க பழைய பயம் இல்லை. தேதியோட எழுதி வைங்க, எச்.ஆர்.கிட்ட சொல்லுங்க, வேற வேலையும் தேடுங்க.

தூக்கமே இல்லை, வாழப் பிடிக்கலைங்கிற அளவுக்குப் போனா தனியா இருக்காதீங்க. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நானும் ஒரு ஆலோசகரைப் பார்த்தேன். அவர்கிட்டப் போனதும் முருகன் காட்டின வழின்னுதான் நினைக்கிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை விளக்கேத்தின பிறகு, உங்க பயத்துக்கு என்ன வயசுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!