விண்மீன் அரசும் ஆலைக் கழிவும்

விண்வெளியிற் பேரரசு நிறுவும் கணினி விளையாட்டுகளுள் 1993-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ புகழ்பெற்றது. இதில் ஒவ்வொரு கோளின் வருவாயையும் கப்பல், காவல், தொழில், சூழல், ஆராய்ச்சி என ஐந்து கூறாகப் பகுத்தல் வேண்டும். ஒன்றைக் கூட்டின் மற்றவை குறையும். முதலில் ஆலைகளைப் பெருக்குதலே நன்று. ஆலையின்றிக் கட்டிய படை நெடுநாள் நில்லாது.

நிற்க, புதியோர் இடறுமிடம் சூழலே. ஆலை பெருகக் கழிவும் பெருகும். அதனை அகற்றப் பொருள் ஒதுக்காவிடின் கோள் தாங்கும் மக்கள்தொகை சுருங்கும். உழைப்பாரின்றி ஆலைகள் வாளா கிடக்கும். கப்பல் விரைந்து முடியட்டும் எனச் சூழற் கூற்றை வெறுமையாக்கிய நாம், கப்பலைப் பெற்றுக் குடிகளை இழந்தோம்!

திண்டுக்கல் வாழ்வார்க்கு இது புதுமையன்று. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் இச்சமவெளிக் கிணறுகள் உவர்த்த கதையை அறியாதார் யாவர்? 1996 ஆகஸ்டு 28-இல் உச்சநீதிமன்றம் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ. 10,000 தண்டம் விதித்தது. விளையாட்டிற் பொருள் ஒதுக்கிய அளவே கழிவு நீங்கும். கிணற்று நீரோ அத்துணை விரைவில் இனிப்பதில்லை.

கழிவால் ஊறுபடாத இனமும் ஒன்று அவ்விளையாட்டில் உண்டு. அது சிலிக்காய்டு என்னும் கல்லுடம்பினர் கூட்டம். கொடிய கோளிலும் அவர் குடியேறுவர். ஆயின் அவர்தம் மக்கட்பெருக்கம் பாதியே. கல்லின் பெயர்தாங்கிய ஊரினராகிய நாம் ஆசையோடு அவ்வினத்தையே தேர்ந்தோம். பேரவையிலோ மக்கள்தொகைக்கேற்பவே வாக்கு. அண்டையினத்தார் மூன்றிலிரு பங்கு வாக்குப் பெற்று வென்றனர்.