பழைய மொபெட் கிளம்பாவிட்டால் என்ன செய்வது?

விடியற்காலையில் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிச் சந்தைக்குப் புறப்படும் வேளையில் மொபெட் கிளம்ப மறுத்தால், அன்றைய விலை கைநழுவிப் போகும். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற பழைய மொபெட்டுகளில், பேட்டரியின் உதவியின்றி, மேக்னட் சுழல்வதால் உண்டாகும் மின்சாரமே பிளக்கில் தீப்பொறியைத் தருகிறது. எனவே குறையைக் கண்டறிவது கடினமன்று, வரிசைதான் முக்கியம். எடுத்த எடுப்பிலேயே காயிலை மாற்றிப் பணத்தை வீணாக்கக் கூடாது.

பிளக்கின் நிலை

முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டாங்கி, குழாய், கார்புரேட்டர் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியைச் சோதிக்க வேண்டும். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால் ஆயில் கூடுதலாகக் கலந்திருக்கலாம். கையேட்டில் கண்ட அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதால் எஞ்சினுக்கு நன்மை இல்லை, பிளக்தான் அடைபடும். பிளக்கைத் துடைத்து, முனை இடைவெளியை 0.5 முதல் 0.6 மி.மீ. வரை வைக்கலாம்.

பொறிச் சோதனை

பெட்ரோல் குழாயை மூடி, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலையும்வரை பொறுக்க வேண்டும். பிளக்கை அதன் மூடியில் செருகி, உலோகப் பகுதி எஞ்சினில் நன்கு படும்படி, பிளக் துளைக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைப் பெடலை வேகமாக மிதிக்கச் சொல்லலாம். வெறுங்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும்.

நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாக மங்கி விழுந்தாலோ, விழாவிட்டாலோ, புதிய பிளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் பொறி இல்லையெனில் பிளக் மூடியில் ஈரம், ஒயரில் வெடிப்பு உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, எஞ்சினை நிறுத்தும் சுவிட்சின் ஒயரைக் கழற்றிச் சோதிக்கலாம். பொறி வந்துவிட்டால் குறை சுவிட்சில்தான்.

பாயின்ட்டும் கண்டன்சரும்

மேக்னட்டின் துளை வழியே பிளாட்டினம் பாயின்ட்டைப் பார்க்கலாம். கறுத்திருந்தால் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சுத்தமான காகிதத்தை இடையில் இழுத்துத் துடைக்க வேண்டும். முழுதும் திறந்த நிலையில் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கலாம், கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இந்த இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறும்.

பாயின்ட்டில் பெரிய பொறி பறந்து, பிளக்கில் மங்கினால் கண்டன்சர் பழுதாகியிருக்கலாம். சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் நின்று, ஆறியபின் கிளம்பும் வண்டியில் கண்டன்சரையோ காயிலையோ ஐயுற வேண்டும். விலை குறைந்த கண்டன்சரை முதலில் மாற்றிப் பார்ப்பதே சிக்கனம்.

உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் ஒயர் இணைப்புகள் எளிதில் துருப்பிடிக்கும். வண்டியைக் கழுவியபின் அவற்றைத் துடைத்து உலர வைக்க வேண்டும். ஒரு புதிய பிளக்கும் பிளக் ஸ்பேனரும் எப்போதும் வண்டியில் இருந்தால், சந்தை நேரம் தவறாது.