பெட்டி முதலில், கோன் பிறகு

திருவிழா மேடையில் குத்துப்பாட்டு தொடங்கினால் கிக் டிரம் காதுக்கு முன்னால் நெஞ்சில் விழ வேண்டும். மைக் செட்காரரிடம் ஊர் கேட்பது அதைத்தான். அதற்காக அவர் சென்னை ரிச்சி தெருவில் போய் நின்று முதலில் கேட்பது, "இது எத்தனை வாட்?" கடைக்காரருக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. ஒரே ஸ்பீக்கருக்கு மூன்று விடை சொல்லலாம். ஏ.இ.எஸ். என்ற அளவுத்தர முறைப்படி இரண்டு மணி நேரம் ஓட்டி அளந்தது 1000 வாட் என்றால், புரோகிராம் கணக்கில் அது 2000, பீக் கணக்கில் 4000. அட்டையில் பெரிய எழுத்தில் எது அச்சாகும் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

வாட் என்பது காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான எண். எவ்வளவு சத்தம் வரும் என்பதை சென்சிடிவிட்டி சொல்லும்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்த டெசிபெல். கார் சப் 88 காட்டும். மேடைக்கான 18 இன்ச் 97 காட்டும். இடையிலுள்ள 9 டெசிபெல்லை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்ட எட்டு மடங்கு வாட் வேண்டும். அதைக் கொடுத்தாலும் பலன் முழுதாக வராது. செம்புக் காயில் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, அதனால் ஆம்ப்பிலிருந்து அது வாங்கும் சக்தி குறைகிறது. எட்டு மணிக்கு அதிர்ந்த பாஸ் பத்து மணிக்குச் சோர்ந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மிக்ஸரில் இருப்பவரைத் திட்டிப் பயனில்லை.

பாஸ் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். அதே சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க, கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: கோனின் பரப்பு, அது நேர்கோட்டில் போய்வரும் தூரமான எக்ஸ்மேக்ஸ். 18 இன்ச்சின் பரப்பு சுமார் 1200 சதுர சென்டிமீட்டர். 21 இன்ச் சுமார் 1680. இரண்டு 15 இன்ச் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு 21. '15தான் வேகம், 18 மந்தம்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. வேகத்தைத் தீர்மானிப்பது இன்ச் அல்ல. காந்தம், கோன் எடை, பெட்டி மூன்றும்தான். 21 இன்ச் கவர்ச்சியானது, ஆனால் பெட்டி பெரிது, தூக்க ஆள் கூட வேண்டும். கோன் கிழிந்தால் ரீகோன் கிட் எந்த ஊரில் கிடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்தக் கணக்கில் 18 இன்ச்சே முன்னால் நிற்கிறது.

பெட்டி விஷயத்தில் கே.எல்.எச். நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம்: இம்மூன்றில் இரண்டுதான் சேர்ந்து கிடைக்கும்.

மூடிய பெட்டி வீட்டுக்குச் சரி. பேண்ட்பாஸ் பெட்டியில் கோன் உள்ளே ஒளிந்திருப்பதால் அது படும் அவஸ்தை வெளியே கேட்காது. காயில் கருகிய பிறகே தெரியும். போட்டி மிச்சமுள்ள ரிஃப்ளெக்ஸுக்கும் ஹார்னுக்கும் இடையில்தான்.

முன்பக்கம் துளையுள்ள ரிஃப்ளெக்ஸ் பெட்டி ட்யூனிங் ஹெர்ட்ஸ் அருகே துளையின் காற்றையே பெரும்பாலும் வேலை வாங்கும், கோன் அதிகம் அசையாது. அதற்குக் கீழே இறங்கினால் கோனுக்குப் பிடிமானமே இல்லை, கட்டவிழ்ந்த கன்றுபோல் துள்ளும். அதனால் 30 ஹெர்ட்ஸை ஒட்டி ஹைபாஸ் ஃபில்டர் போடாமல் இதை மேடையேற்றக் கூடாது. இதற்கு ஏற்ற கோனைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும்: டேட்டாஷீட்டில் உள்ள எஃப்.எஸ். (இயல்பு அதிர்வெண்) எண்ணைக் கியூ.இ.எஸ். (மின் தணிப்பு) எண்ணால் வகுத்தால் 100-ஐ ஒட்டியோ மேலாகவோ வர வேண்டும். 50-க்குக் கீழே என்றால் அது மூடிய பெட்டிக்குப் பிறந்தது.

ஹார்ன் பெட்டியின் பெருமை பழையது. 1974-இல் 'எர்த்குவேக்' படத்துக்காகத் திரையரங்குகளில் வைத்த சென்சரவுண்ட் அமைப்புக்கு செர்வின்-வேகா ஹார்ன் பெட்டிகளைச் செய்துகொடுத்தது; ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப்பூச்சு தலையில் விழாதிருக்க வலை கட்டினார்கள். அதே வாட்டில் ஹார்ன் ரிஃப்ளெக்ஸைவிடச் சில டெசிபெல் கூடுதலாகத் தரும். 3 டெசிபெல் கிடைத்தாலே ஆம்ப் சக்தியில் பாதி மிச்சம். ஆனால் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அதற்கேற்ற வாய் ஒற்றைப் பெட்டிக்கு இல்லை. நாலு, ஆறு பெட்டிகளை ஒட்டி அடுக்கினால்தான் வாய் பெரிதாகும். ஒன்றே ஒன்று வாங்கிவிட்டு 'ஆழம் வரவில்லை' என்று புலம்புவது ஹார்னின் குற்றமல்ல.

ரிஃப்ளெக்ஸையும் ஹார்னையும் கலப்பது இன்னும் மோசம். ஹார்னுக்குள் மடிந்த இரண்டு மீட்டர் வழியைக் கடக்க ஒலிக்கு 6 மில்லிசெகண்ட் ஆகிறது. 80 ஹெர்ட்ஸ் அலையின் பாதிச் சுற்றும் ஏறக்குறைய அதே நேரம். பக்கத்து ரிஃப்ளெக்ஸ் தள்ளும்போது ஹார்ன் இழுக்கும். பெட்டி கூடக்கூட பாஸ் குறையும் விந்தை அங்கே நடக்கும், டிலே சரிசெய்யாவிட்டால்.

ஆக, சரக்கு குட்டி யானையில் போகிறதென்றால் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து அடித்த ஒற்றை 18 இன்ச் ரிஃப்ளெக்ஸ் பெட்டிகள் நாலு போதும். எம்.டி.எஃப். மலிவு; ஒரு மழை நனைந்தால் ஊதிவிடும். லாரியும் ஆறு ஆட்களும் திறந்தவெளி மைதானமும் அமைந்தால் ஹார்னைப் பற்றி யோசிக்கலாம்.

நாலையும் மேடைக்கு இருபுறமும் இரண்டிரண்டாகப் பிரித்தால் நடுவில் இடி, சற்றே ஓரத்தில் ஓட்டை. நடுவில் ஒரே குவியலாகத் தரையில் வைப்பது மேல்.

போலீஸின் ஒலி மீட்டர் தனிக் கதை. குடியிருப்புப் பகுதிக்கான பகல் வரம்பு 55 டி.பி.(ஏ). இந்த 'ஏ' கணக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 30 டெசிபெல் கழித்துவிட்டுத்தான் காட்டும். மீட்டர் பெரிதாகக் குதிக்காதபோதே அடுத்த தெருவில் எவர்சில்வர் பாத்திரங்கள் அலமாரியில் கிலுகிலுத்துக்கொண்டிருக்கும். இதைத் தணிக்க, மூன்று பெட்டிக்கு ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, அதற்கு மட்டும் போலாரிட்டி மாற்றி டிலே கொடுத்தால் மேடைக்குப் பின்னால் போகும் பாஸ் வெகுவாக அடங்கும். முன்வரிசைக்குச் சத்தம் கொஞ்சம் குறையும். மேடையில் பாடுகிறவருக்குத் தன் குரல் தனக்குக் கேட்கும்.