ஊர்கள் இணையும்போது

பிரான்சு நாட்டில் 'கொம்யூன்' எனப்படும் உள்ளாட்சிகள் சுமார் 35,000 உள்ளன. பல, சில நூறு பேரே வாழும் சிற்றூர்கள். வருவாய் சிறிது, செலவோ பெரிது. எனவே அவை தாமாகக் கூடி ஒன்றாவதற்கு 2010-இல் ஒரு சட்டம் வழி வகுத்தது. இணைந்த பின்னும் பழைய ஊர் தன் பெயரையும், தனக்கென ஒரு துணைத் தலைவரையும் வைத்துக்கொள்ளலாம்.

நாம் வாழும் புனேயில் நடந்ததைக் காண்போம். மாநகராட்சியுடன் 2017-இல் 11 ஊர்களும், 2021-இல் 23 ஊர்களும் சேர்க்கப்பட்டன. பரப்பில் புனே மும்பையை விஞ்சியது. நம் மாணவர் பலர் அறை எடுத்துத் தங்கும் நர்ஹே, அந்த 23-இல் ஒன்று.

சேர்ந்ததும் ஊராட்சிகள் கலைந்தன. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 சனவரியில்தான் நடந்தது. இடையில் குழாயில் நீர் வராவிட்டால் மக்கள் யாரிடம் முறையிடுவது? அதிகாரியிடம் செல்லலாம், அவரை வாக்கால் மாற்ற இயலுமா?

நகரத்துக் குப்பையைப் பல்லாண்டு சுமந்தவை புர்சுங்கி, உருளி தேவாச்சி என்னும் ஈரூர்கள். இவையும் 2017-இல் சேர்ந்தவையே. வரி ஏறியது, வசதி ஏறவில்லை என்று மக்கள் குறைகூறினர். 2024-இல் அவ்விரண்டும் பிரிக்கப்பட்டுத் தனி நகராட்சியாயின.

இணைப்பு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. கழிவுநீர் நிலையத்தையும் பெருங்குழாய்களையும் ஒரு சிற்றூர் தனியே அமைத்தல் அரிது. ஆயினும் ஊராட்சியைக் கலைக்கும் நாளிலேயே அவ்வூருக்கு மன்றத்தில் ஓர் இடம் அளிக்க வேண்டும். வரி கட்டும் ஊருக்கு வாய் இருக்கவேண்டாமா?