லயத்துப் பப்பாசி

அன்புள்ள மகளுக்கு,

ரத்தோட்டைப் பக்கம் உனக்கு முதல் நியமனம் என்று கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். தமிழில் பேசி, தமிழில் கோபப்பட்டு, தமிழில் ஆறுதல் சொல்லும் ஒரு மருத்துவமாது மலைக்கு வருவது அங்குள்ள தாய்மாருக்குப் பெரிய காரியம். நிறை பார்ப்பது, ஊசி போடுவது, கிளினிக் புத்தகம் எழுதுவது எல்லாம் உனக்கு நன்றாகக் கற்றுத் தந்திருப்பார்கள். நான் எழுத நினைத்தது ஒரே ஒரு விஷயம்: ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குப் பழம் கொடுப்பது.

இதற்கா ஒரு கடிதம் என்று நினைக்காதே. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் மட்டும் அது 31.7 வீதம். அந்தக் குறையில் பெரும்பங்கு இரண்டு வயதுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. பழம் கொடுத்தால் இது மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. முட்டை வேண்டும், நெத்தலி வேண்டும், பருப்பும் கீரையும் வேண்டும். அவற்றுக்குக் காசு வேண்டும். ஆனால் காசே இல்லாமல் கிடைப்பது பழம். அதுவும் பிள்ளையின் வாய்க்குப் போகவில்லை என்றால் அந்த வீட்டில் வேறு ஏதோ தடை இருக்கிறது. அதைத்தான் நீ கண்டுபிடிக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதே. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பின்பக்கம் போ. அநேகமாக ஒரு பப்பாசி மரம் நிற்கும். பழுத்த பழத்தைக் குருவி கொத்திக்கொண்டிருக்கும். உள்ளே வந்தால், கொழும்பில் கடையில் வேலை செய்யும் மாமா வாங்கி வந்த ஆப்பிள் இரண்டு, பிள்ளைக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். ஆப்பிள்தான் சத்து, பப்பாசி நம்மகிட்டயே இருக்கிறதுதானே என்பது அவர்களின் எண்ணம். 100 கிராம் பப்பாசியில் வைட்டமின் சி சுமார் 60 மில்லிகிராம் இருக்கிறது. ஆப்பிளில் ஏறத்தாழ 5. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ பப்பாசியில் நிறைய உண்டு, ஆப்பிளில் இல்லை என்றே சொல்லலாம். போதாதற்கு அவிக்காத ஆப்பிள் துண்டு பல் முளைக்காத பிள்ளையின் தொண்டையில் சிக்கும். வாங்கி வந்துவிட்டார்களென்றால் குற்றம் சொல்லாதே, அன்பில் வாங்கி வந்தது. தோல் சீவி, ஆவியில் அவித்து மசித்துக் கொடுக்கச் சொல். ஆனால் அடுத்த மாதச் சம்பளத்தில் ஆப்பிள் வாங்கச் சொல்லி உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது.

மாத்தளை மாவட்டம் முழுக்க இப்படித்தான் என்றும் நினைக்காதே. தம்புள்ளை, கலேவெலப் பக்கம் வெயில் நாடு; மாம்பழமும் பப்பாசியும் அங்கே தாராளம். உக்குவளையில் கொக்கோவுக்கும் மிளகுக்கும் நடுவே பலாவும் வாழையும். எல்கடுவ, ரத்தோட்டை மேல் மலைகளில் பப்பாசி சுணங்கும். அங்கே ஆனைக்கொய்யாவைத் தேடு. நிறை ஏறாத பிள்ளைக்கு அதைப்போல ஒன்று கிடைக்காது. 100 கிராமில் சுமார் 160 கலோரி, பப்பாசியைப்போல மூன்று மடங்குக்கும் மேல். சின்ன வயிறு, இரண்டு கரண்டிதான் கொள்ளும்; அந்த இரண்டு கரண்டியில் கொழுப்பு இருந்தால் நல்லதுதானே. நம் ஆட்கள் ஆனைக்கொய்யாவைச் சீனி போட்டுத்தான் சாப்பிடுவார்கள். பிள்ளைக்குச் சீனி வேண்டாம், தாய்ப்பால் கொஞ்சம் பிழிந்து விட்டு மசித்தால் போதும்.

இனி, பாட்டிமார். சட்டப்படி பிரசவ விடுமுறை 84 நாள். ஆறு மாதம் என்பது 180 நாள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உன் வேலை இருக்கிறது, மகள். நீ கிளினிக்கில் பழம் பற்றிச் சொல்லும்போது தலையாட்டும் தாய், காலையில் வேலைக்குப் பேர் பதியப் பிரட்டுக்குப் போய்விடுவாள். ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க அவளுக்கு நாளில் இரண்டு இடைவேளை சட்டத்தில் உண்டு. அதை எடுக்கிறாளா என்று கேள், எடுக்க விடுகிறார்களா என்றும் கேள். ஆனால் பத்து மணிக்குப் பிள்ளையை மடியில் வைத்து ஊட்டுவது பாட்டியோ பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரோதான். அவர்களிடம் சொல்லாத ஆலோசனை சொல்லாததற்குச் சமம்.

பாட்டி என்ன சொல்வாள் என்று இப்போதே எழுதித் தருகிறேன். வாழைப்பழம் குளிர்ச்சி, சளி கட்டும். பப்பாசி சூடு, வயிற்றால் போகும். மாம்பழம் கரப்பான் கிளப்பும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் கடைசியில் பிஸ்கட்டும் சாயத்தண்ணியும்தான் மிஞ்சும். நீ படித்தவள் என்பதற்காக அவளை மறுத்துப் பேசாதே. ஐந்தாறு பிள்ளைகளை வளர்த்தவள் அவள். வாழைப்பழம் குளிர்ச்சி என்றால், "சரி பாட்டி, வெயில் ஏறினதுக்கு அப்புறம் குடுங்க, அந்தியில வேணாம்" என்று சொல். பப்பாசி சூடு என்றால், ரத்தோட்டை மழைக்கும் பனிக்கும் அதுவே பொருத்தம் என்று அவள் கணக்கிலேயே பேசு. நேரத்தை அவள் முடிவு செய்யட்டும், பழம் உள்ளே போனால் சரி. மாம்பழத்தில் அவள் சொல்வது முழுக்கப் பிழையுமல்ல. காம்பிலும் தோலிலும் இருக்கும் பால் பட்டால் சில பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிச் சிவக்கும். நன்றாகக் கழுவி, தோலைத் தடிப்பாகச் சீவச் சொல்.

சாயத்தண்ணி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. கொழுந்து பறிக்கிற வீட்டில் போய்த் தேத்தண்ணி கூடாது என்பது சங்கடம்தான். ஆனால் ஆறு மாதத்தோடு, பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்து தீரத் தொடங்கும். பருப்பிலும் கீரையிலும் உள்ள கொஞ்ச இரும்பையும் தேத்தண்ணி உடம்பில் சேர விடாது. பழத்தின் வைட்டமின் சியோ அதைச் சேர்த்து வைக்கும். அதனால் பருப்புச் சோறு ஊட்டிய கையோடு இரண்டு கரண்டி பப்பாசி. இதை நான் எல்லாத் தாயிடமும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

ஊட்டுவதைச் சொல்லாமல் செய்து காட்டு. கிளினிக்கில் படம் காட்டுவதைவிட அடுப்படியில் ஒரு முறை செய்வது மேல். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. அவர்கள் பார்க்கும்படி கழுவு. பீலித் தண்ணியில் பழத்தைக் கழுவினால், கொதித்து ஆறிய தண்ணீரில் இன்னொரு முறை அலசு. மிளகாய் வெட்டிய கத்தி வேண்டாம். பப்பாசியை நெடுக்காக ஒரு கீற்று வெட்டி, விதையை வழித்துவிட்டு, அதன் அடியில் இருக்கும் மெல்லிய கசப்புத் தோலையும் கரண்டியால் சுரண்டிப் போடு. பிறகு சதையைச் சுரண்டி எடுத்து, சுத்தமான விரலால் கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தி மசி. விரலுக்கு நார் தட்டுப்படும், எடுத்துவிடு. வடிகட்டாதே, தண்ணீர் ஊற்றாதே, மிக்ஸியில் போடாதே. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக்கூடாது, அப்படியே நிற்க வேண்டும். அந்தக் கெட்டிதான் பதம். முதல் நாள் இரண்டு தேக்கரண்டி போதும். புதுப்பழம் எதுவும் இரண்டு மூன்று நாள் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

பிள்ளை முகத்தைச் சுளிக்கும், நாக்கால் வெளியே தள்ளும். "பிடிக்கலை மிஸ்ஸி" என்று தாய் உடனே கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவாள். பிடிக்காததால் சுளிப்பதில்லை, புதிது என்பதால் சுளிக்கிறது. எட்டு, பத்து முறை காட்டிய பிறகு ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகளே அதிகம். வாயைத் திருப்பினால் அன்றைக்கு நிறுத்து, நாளைக்கு மறுபடியும் கொடு. மூக்கைப் பிடித்து ஊட்டுவதைக் கண்டால் மெதுவாகத் தடு.

பழத்தை முதலில் கொடுத்தால் இனிப்புக்குப் பழகி மரக்கறி தொடாது என்று சிலர் சொல்வார்கள், நம் துறையிலும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. தாய்ப்பாலே இனிப்புத்தானே. சோறு, பருப்பு, மரக்கறி என்று தொடங்கி, பழத்தையும் அந்த முதல் வாரங்களிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

சாறு வேண்டாம். தோடம்பழம் பிழிந்து, குளுக்கோஸ் கலந்து, பால் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது நம் ஊர்களில் பெரிய கவனிப்பு என்று நினைக்கிறார்கள். பழத்தின் நார் போய்விடும், இனிப்பும் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், தாய்ப்பால் குறையும். ஒரு வயதுவரை எந்தச் சாறும் தேவையில்லை. தேனும் அப்படித்தான். காட்டுத்தேன் சுத்தமானது என்று சொல்வார்கள், இருக்கலாம். ஆனால் ஒரு வயதுக்குள் அதில் உள்ள கிருமியின் விதைகள் பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கக்கூடும். விரலில் தொட்டு வைப்பதும் கூடாது. ரம்புட்டான், திராட்சை இரண்டும் முழுதாகக் கைக்குழந்தையின் பக்கமே வரக்கூடாது. அக்கா அண்ணன் சாப்பிடும்போது தரையில் விழும் விதையையும் பொறுக்கிவிடச் சொல்.

பழம் தொடங்கிய வாரத்தில் உன்னைத் தேடி ஓடி வருவார்கள். வாழைப்பழம் கொடுத்த பிள்ளையின் மலத்தில் கறுப்பு நூல் நூலாகக் கிடக்கும். பூச்சி என்று பயந்து மருந்து கேட்பார்கள். அது வாழைப்பழத்தின் நடுவிலுள்ள நார், வேறொன்றுமில்லை. பப்பாசி கொடுத்தால் செம்மஞ்சளாகப் போகும். பப்பாசியும் பூசணியும் நாள்தோறும் நிறையக் கொடுத்த பிள்ளைக்கு மூக்கு நுனியும் உள்ளங்கையும் மஞ்சளாகும். அப்போது கண்ணைப் பார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் பழத்தின் நிறம்தான், குறைத்தால் போய்விடும். கண்ணும் மஞ்சள் என்றால் ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இந்த வித்தியாசம் தெரிந்த மருத்துவமாதுவை லயம் முழுவதும் நம்பும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் சோறு ஊட்டிவிட்டு அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தைப் பிள்ளையின் உதட்டில் தடவுவார்கள். நல்ல வழக்கம், அதைப் பிடித்துக்கொள். "அம்மன் கொடுத்த பழத்தை வீட்டுலயும் தொடர்ந்து குடுங்க" என்றால் மறுக்க ஆள் இல்லை. அர்ச்சனைப் பழம் கனிந்து கறுப்புப் புள்ளி விழுந்திருப்பதும் நல்லதே. காய்வெட்டான வாழைப்பழம்தான் மலத்தை இறுக்கும்.

கடைசியாக, நீ போனதும் தொடங்க வேண்டிய வேலை ஒன்று. கர்ப்பிணித் தாயைப் பதியும் வாரத்திலேயே அவள் வீட்டில் ஒரே குழியில் மூன்று பப்பாசிக் கன்று வைக்கச் சொல். பூத்ததும் ஆண் மரத்தைப் பிடுங்கிவிடலாம். கர்ப்பிணி பப்பாசி தின்னக்கூடாது என்று பாட்டி சண்டைக்கு வந்தால், தின்பது பிள்ளைதான் என்று சொல். தோட்டத்து நிலத்தில் பெரிய மரம் வைக்க விடமாட்டார்கள் என்பார்கள். பப்பாசிக்கு ஒரு முழ இடம் போதும். வெயில் படும் இடத்தில், கழுவுகிற தண்ணீர் போய்ச் சேர்ந்தாலும் தேங்காத இடமாகப் பார்த்து வைத்தால், ஒன்பது பத்து மாதத்தில் பழம் வரும். மலை உயர்ந்தால் கொஞ்சம் பிந்தும். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிய அதைவிட நாள் இருக்கிறது. பிள்ளைக்காம்பராவின் பின்னாலும் வை. முதல் கன்றுகளை நீயே கொண்டுபோய்க் கொடு, மகள்.

அன்புடன்,
உன் பெரியம்மா
மாத்தளை