கல்யாணத்தில் மணமக்கள் பேசட்டும்!

கேள்வி: புரோகிதர், ஹோமம் எதுவும் இல்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொள்ளப் போகிறோம். "இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்கிறார் மாமா.
- வாசகி, ராசிபுரம்

பதில்: மாமா 1953-லேயே நின்றுவிட்டார். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு சொன்னது உண்மைதான். அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னால் நடந்தவையும் சேர்த்தே செல்லுபடியாயின. உற்றார், நண்பர்கள் முன்னிலையில் "ஏற்கிறேன்" என்று இருவரும் சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். அதில் மட்டும் சோம்பல் கூடாது.

கேள்வி: டிரோனில் தாலி இறங்கி வருவது போல் செய்யலாமா?
- வாசகர், சேலம்

பதில்: செய்யலாம். வாடகைதான் வித்தியாசமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் சீர்திருத்தத் திருமணத்தில் வாழ்த்துரைக்குப் பதினொரு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நிகழ்ச்சியை எப்படி அமைப்பது?
- வாசகர், ஆத்தூர்

பதில்: பதினொரு பேர் பேசுவார்கள், சரி. கட்டிக்கொள்கிற இரண்டு பேர் எப்போது பேசுவார்கள்? மேடை மேடையாகப் பார்க்கிறேன். பேச்சாளர் உள்ளூர் அரசியலை முடிப்பதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் தூங்கிவிடும். பந்தியில் சாம்பார் ஆறிவிடும். கடைசியில் மைக் மணமகள் கைக்கு வந்தால், "எல்லாருக்கும் நன்றி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்பதோடு சரி. சொல்வது விளங்கவில்லை என்றுதானே புரோகிதரை அனுப்பினோம்? அவர் எழுந்த மணையில் மைக் பிடித்த புரோகிதர்களை உட்கார வைப்பதா சீர்திருத்தம்? சுயமரியாதைத் திருமணங்களை நடத்திவைத்த திராவிடர் கழகத்துக்கு 1944-இல் அந்தப் பெயர் சூட்டிய ஊர் சேலம். இங்கேயே இந்தக் கதி! மணமக்களின் சொல்லைத்தான் சட்டம் கேட்கிறது, வாழ்த்துரையை அல்ல. இரண்டு பேச்சாளர், ஆளுக்கு ஐந்து நிமிடம். உறுதிமொழியை இருவரும் தாங்களே அரைப்பக்கம் எழுதட்டும்: சம்பளம் யார் கையில், சமையல் யார் வேலை, இரு வீட்டுப் பெற்றோரையும் யார் பார்ப்பது. இணையத்தில் எடுத்த கவிதை வேண்டாம்.

கேள்வி: அருமைக்காரர் வந்துதான் சீர் செய்ய வேண்டும் என்று பாட்டி அடம்பிடிக்கிறார். எங்களுக்குச் சடங்கில் நம்பிக்கை இல்லை.
- வாசகி, திருச்செங்கோடு

பதில்: பாட்டியோடு சண்டை வேண்டாம், கண்ணு. கொங்குச் சீரை ஊர்ப் பெரியவரான அருமைக்காரரே நடத்துவார். இணைச்சீரில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு மரியாதை உண்டு. அதை வைத்துக்கொள்ளுங்கள். கணவரை இழந்த பெண்களை ஒதுக்குவதை மட்டும் விடுங்கள். அப்படி உங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தால், முதல் மாலையை அவர் எடுத்துக் கொடுக்கட்டும். பாட்டி ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

கேள்வி: தாம்பூலப் பைக்குப் பதில் மரக்கன்று?
- வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: மண்டப நாற்காலிகளுக்கு அடியில் வாடிக் கிடக்கும். கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: நான் இந்து, அவர் கிறிஸ்தவர். மதம் மாறாமல், மாலை மட்டும் மாற்றினால் போதுமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: போதாது. 7ஏ இருவருமே இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். உங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். முன்னறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த அறிவிப்பைக் கொடுங்கள்.