கம்பியில் வராத நகரம்

அன்புள்ள கவின்,

ராப்லாக்ஸில் நீயும் உன் கூட்டாளிகளும் கட்டிய ஊரைக் காட்டிவிட்டு, "டயல்-அப் காலத்துல இதெல்லாம் எப்படி சித்தப்பா ஓடியிருக்கும்?" என்று கேட்டாய். ஓடத்தான் செய்தது. நீயே நிரல் எழுதத் தொடங்கிவிட்டதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 1995இல் நல்ல வீட்டு மோடம் என்றால் நொடிக்கு 28.8 கிலோபிட். எட்டால் வகுத்துக்கொள்: 3.6 கிலோபைட். உன் போனில் எடுத்த 3 எம்.பி. படம் ஒன்று அதில் இறங்கக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆகும். அந்த ஆண்டில்தான், பலர் சேர்ந்து உலவிக் கட்டக்கூடிய ஆல்ஃபாவேர்ல்டு என்ற முப்பரிமாண இணைய உலகம் திறந்தது. ரான் பிரிட்விச் என்பவர் உருவாக்கியது. பின்னாளில் ஆக்டிவ் வேர்ல்ட்ஸ் என்று பெயர் பெற்ற மென்பொருளின் முதல் உலகம். அதன் நிலப்பரப்பு 4,29,025 சதுர கிலோமீட்டர், கலிஃபோர்னியாவைவிடச் சற்றுப் பெரியது. அவ்வளவு பெரிய நிலம் அந்த ஒல்லிக் கம்பியில் எப்படி வந்தது?

வரவே இல்லை. தபாலில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் பலகையையா அனுப்புகிறார்கள்? சுவர், மரம், விளக்குக் கம்பம் போன்ற மாதிரிகளின் கோப்புகள் முதல் முறை தேவைப்படும்போது இறங்கி உன் வட்டிலேயே தங்கிவிடும். அப்புறம் வருவது சிறு குறிப்புதான்: எந்த மாதிரி, எந்த இடம், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, யாருடையது. அதிலும் நீ நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ளவை மட்டும். ஒரு சுவர் வேண்டுமென்றால் ஏற்கெனவே நிற்கும் பொருளை வலது சொடுக்கில் தேர்ந்து, நகல் எடுத்து, அம்புக்குறி விசையால் நகர்த்தி, மாதிரியின் பெயரை மாற்ற வேண்டும். செயல் கட்டத்தில் 'கிரியேட் கலர் ரெட்' என்று தட்டினால் சுவர் சிவக்கும். சிவப்பு நிறம் கம்பியில் பயணப்படவில்லை, அந்த மூன்று சொற்கள்தான் போயின.

நிற்கிற பொருளுக்கு இது சரி. நகர்கிற ஆளுக்கு? இதற்கான விடை 1980களிலேயே அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த சிம்நெட்டில் இருந்தது. பல ஊர்களில் இருந்த டாங்கிப் பயிற்சிக் கூண்டுகளை ஒரே போர்க்களத்தில் இணைத்த அமைப்பு அது. ஒவ்வொரு கணினியும் மற்ற டாங்கிகள் கடைசியாகப் போன வேகத்தையும் திசையையும் வைத்து, இப்போது எங்கே இருக்கும் என்று தானே ஊகித்து வரைந்துகொள்ளும். கப்பலோட்டிகளின் வழக்கிலிருந்து எடுத்து இதை டெட் ரெக்கனிங் என்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: ஒவ்வொரு டாங்கியும் 'மற்றவர்கள் என்னை எங்கே இருப்பதாக நினைக்கிறார்கள்' என்பதையும் சேர்த்தே கணக்கிடும். உண்மைக்கும் அந்த நினைப்புக்கும் இடைவெளி அளவுக்கு மேல் போனால் உடனே திருத்தச் செய்தி கிளம்பும். நேராக ஓடுகிற டாங்கி அநேகமாக வாயே திறக்காது. நீ ஆன்லைனில் ஆடும்போது எதிராளி சட்டென்று இடம் தாவுகிறானே, பெரும்பாலும் ஊகம் பொய்த்துத் திருத்தம் வந்த கணம் அது.

முப்பரிமாணக் காட்சியை எழுத்துக் கோப்பாக விவரிக்கும் வி.ஆர்.எம்.எல். என்ற மொழி வேறு வழியில் போனது. மார்க் பெஸ்ஸி, டோனி பாரிஸி ஆகியோரின் முயற்சியில் 1994இல் தொடங்கி, 1997இல் சர்வதேசத் தரமாகவே ஆனது. பலரும் சேர்ந்து உலவ, பிளாக் சன் போன்ற நிறுவனங்கள் அதன்மேல் தனியே வழங்கிகள் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பகுதி தரத்தில் இல்லாததே அதன் பலவீனம் என்பது என் கட்சி.

ஆல்ஃபாவேர்ல்டை மேலிருந்து பார்த்த வரைபடங்கள் 1996 முதல் வந்தன. ஊர் நட்சத்திர மீன் வடிவில் வளர்ந்திருந்தது! யாரும் அப்படித் திட்டமிடவில்லை. காலி மனை தேடியவர்கள், தொலைவுக்குத் தாவ ஒரு பெட்டியில் ஆயத்தொலைவு எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. எளிதில் நினைவில் நிற்பது எது? வடக்கே 100, மேற்கே 100 மாதிரியான எண்கள். அதனால் மையத்திலிருந்து நான்கு திசைகளிலும் மூலைவிட்டங்களிலும் வீடுகள் நெருங்கின, இடையில் பொட்டல். அப்படியொரு பெட்டி இல்லாதிருந்தால் ஊர் வட்டமாகப் பரவியிருக்கும் என்றே நினைக்கிறேன். காசில்லாமல் சுற்றுலாப் பயணியாக வந்தவர் கட்டியதை யார் வேண்டுமானாலும் இடிக்கலாம் என்ற விதியும் இருந்தது. அதன் விளைவுகளை நீயே ஊகித்துக்கொள்.

உன் விளையாட்டில் ஒருவன் பத்தடி நடந்தால் எத்தனை செய்திகள் போகின்றன என்று ஒருமுறை அச்சிட்டுப் பார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒன்று போனால், ஊகிக்கும் பகுதியை எழுதிவிட்டு மறுபடி எண்ணு. இரண்டு எண்களையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா